கிரியேட்டினின் இறங்கிய வருடங்கள்

1

இந்த ஊரில் ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் சொல்வதற்குக்கூட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். நான்கு பக்கம். அதைப் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் எழுந்து நின்றேன்.

ஊர், ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஒரு காலத்தில் செருப்பும் பூட்ஸும் செய்து பிழைத்த சிறிய ஊர். ஆம்பூரிலிருந்து இங்கே வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. தோல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் யாரோ அனுப்புகிற தோல் துண்டுகளின் கனத்தை அளந்து, இழுத்துப் பார்த்து, எந்த இடத்தில் கிழிகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அறுபது வயது. இரண்டு மாதத்துக்கு முன் வழக்கமான இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கொஞ்சம் சுணங்குகிறது என்று எங்கள் குடும்ப மருத்துவர் சொன்னார். உணவு ஆலோசகரைப் பார்க்க ஒரு சீட்டு எழுதினார். சீட்டைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் படிவம் அனுப்பினார்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்று என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஐந்து வாரம் கழித்து அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

என் மகன் வயதுதான் இருக்கும். அவள் கேட்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "கறி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். என் அப்பாவுக்கும் இதே நோய். எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள் என்றாள். கையில் கடிகாரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு கருவியைக் கொடுத்து முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு, "ஆறு மாதத்தில் உங்கள் கால்சட்டை தளர்ந்திருக்கிறதா?" என்று கேட்டாள்.

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தேன். தோல் வேலைக்காரனுக்கு அது ஒரு நிமிட வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவள் பொறுமையாகச் சொன்னாள். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் அந்த எண் ஏறும். ஆனால் உடம்பில் தசையே குறைந்துவிட்டால், கழிவும் குறையும், எண்ணும் இறங்கும். எண் இறங்கியது என்றால் சிறுநீரகம் தேறியிருக்கலாம். இல்லாவிட்டால் மனிதர் கரைந்துகொண்டிருக்கலாம். அதனால் வயதானவர்களிடம் அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. புரதத்தை அளவாக வைக்க வேண்டும், அடியோடு நிறுத்தக் கூடாது, அதிலும் மெலிந்துகொண்டே போகிறவர்களுக்கு நிறுத்தவே கூடாது.

"மறுபடியும் சொல்லுங்கள்" என்றேன். என் ஜெர்மன் போதவில்லை என்று நினைத்து இன்னும் மெதுவாகச் சொன்னாள். முதல் முறையே எனக்குப் புரிந்துவிட்டிருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நான் ஜெர்மன் கற்றது தொழிற்சாலையில். ஒரு மனிதர் மெலிந்துபோனதைச் சொல்ல நல்ல வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. தோலைச் சீவிக் கனம் குறைப்பதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தைதான் வந்தது. என் அப்பாவைச் சீவிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் கணினித் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

2

எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். என் நைனா பெருமாள், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் ஷேவிங் மெஷின் ஓட்டினார். பதப்படுத்திய தோலின் உட்புறத்தைச் சுழலும் கத்திகளால் சீவி, முழுத்தோலையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிற இயந்திரம் அது. ஒரு தடவை உள்ளே விட்டு எடுப்பதை ஒரு பாஸ் என்பார்கள். ஒரு பாஸ் அதிகமானால் தோல் கிழிந்துவிடும்.

ஒவ்வொரு தோலும் வெளியே வந்ததும் அதன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு கிள்ளு கிள்ளுவார். "ஒண்ணு புள்ளி ரெண்டு" என்பார். சூப்பர்வைசர் கருவியை வைத்துப் பார்த்தால் அதே மில்லிமீட்டர்தான் இருக்கும். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. தோசையைக் கிள்ளிப் பார்ப்பார், பள்ளிச் சீருடைத் துணியைக் கிள்ளிப் பார்ப்பார், என் காதையும் கிள்ளிப் பார்த்து ஒரு எண் சொல்வார். ஆள் கட்டுமஸ்தானவர். ஈரத்தோலைத் தூக்கித் தூக்கித் தொடையும் தோளும் இறுகிப் போயிருந்தன.

அவருடைய தோஸ்த் கரீம் பாய். பச்சைத்தோல் வியாபாரம். இரண்டு பேருக்கும் ஐம்பது வருடப் பழக்கம். ஒவ்வொரு பக்ரீத் அன்றும் பாய் தன் கையாலேயே ஒரு தொடைக்கறியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். ஆள் விட்டு அனுப்ப மாட்டார். நைனா வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். பையைத் தூக்கிப் பார்த்து, "இன்னா பாய், இந்த வருஷம் ஆடு பட்டினியா?" என்று கேலி செய்வார். பாயும் ஏதாவது திருப்பிச் சொல்வார். பண்டிகை அவர்களுடையது என்றாலும் எங்கள் வீட்டில் குழம்பு கொதித்த பிறகுதான் எங்களுக்கு அந்த நாள் நிறைவாகும்.

3

நைனாவுக்கு எழுபத்தைந்து வயதில் சிறுநீரக நோய் என்று தெரிந்தது. என் அக்கா ராணி அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். கணவர் போன பிறகு நைனாவோடு வந்து இருந்தாள். டாக்டர் நிதானமானவர். "புரோட்டீனைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கணும், உப்பைக் குறைக்கணும். எவ்வளவுன்னு டயட்டீஷியன் சொல்லுவாங்க, பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

டயட்டீஷியன் அறை முன்னால் நீண்ட வரிசை. ஆம்பூர் வழியாகப் போகிற ஜோலார்பேட்டை வண்டிக்கு நேரமாகிவிட்டது. அக்கா அந்த வரிசையில் நின்றபடி எனக்கு போன் செய்தாள்.

"இன்னாடா பண்றது? நின்னா வண்டி போய்டும்."

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கக்கா. நான் எல்லாத்தையும் படிச்சி எழுதி அனுப்பறேன்" என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு தாள் உண்டு. எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், எந்தக் கிழமையில், மூடி கழற்றியா கழற்றாமலா என்று எங்கள் குடியிருப்பின் வாசலிலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தேன். பத்து வருடத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன். தூரத்தில் இருக்கிறவன் அன்பைக் காட்ட வேறு என்ன வழி என்று நினைத்தேனோ என்னவோ, உட்கார்ந்து இரண்டு நாள் இணையத்தில் படித்து, தமிழில் அழகாகத் தட்டச்சு செய்து ஒரு தாள் தயாரித்தேன். இடதுபக்கம் சிவப்பில் 'கூடாது', வலதுபக்கம் பச்சையில் 'சாப்பிடலாம்'. டாக்டர் 'கொஞ்சம் கம்மி' என்றார். என் தாளில் கொஞ்சம் என்பதற்கு இடமே இல்லை. முட்டை கூடாது. கறி, கோழி, மீன் கூடாது. பருப்பு, கடலை, பால், தயிர் கூடாது. சுரைக்காய், புடலங்காய், ஜவ்வரிசிக் கஞ்சி சாப்பிடலாம்.

அக்கா அதை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் லேமினேஷன் செய்து, அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அதோடு விட்டேனா? தினமும் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் எனக்கு இங்கே காலைக் காபி நேரம். வீடியோவில் கூப்பிட்டு, தட்டைக் காட்டச் சொல்வேன். நைனா தட்டைச் சாய்த்துக் காட்டுவார். வெள்ளைச் சோறும் வெள்ளைக் காயும். "ஓகேவா சார்?" என்பார். நானும் ஓகே என்பேன்.

அந்த வருடம் பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னால் கரீம் பாய்க்கே போன் செய்துவிட்டேன்.

"பாய், இந்த வருஷம் கறி வேணாம். பாத்தா அவருக்கு ஆசை வரும்."

"ஒரு துண்டு கூடவா வேணாம் தம்பி?" என்றார் பாய். ஒரு துண்டுகூட வேண்டாம் என்றேன்.

பண்டிகை அன்று பாய் வழக்கம்போல வந்தாராம். நைனா வாசலில் நின்றுகொண்டிருந்தாராம். "இன்னா பாய், கை வீசிகினு வந்துட்ட?" என்று கேட்டாராம். "உன் பையன் போன் பண்ணான்" என்றிருக்கிறார் பாய். அதன் பிறகு இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன்.

4

பலன் தெரிந்தது. அதுதான் கொடுமை.

முதல் பரிசோதனையில் மூன்று புள்ளி நான்கு இருந்த கிரியேட்டினின் அடுத்த வருடம் மூன்று புள்ளி ஒன்று ஆயிற்று. அதற்கு அடுத்த வருடம் இரண்டு புள்ளி எட்டு. அக்கா ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நைனா கையில் கொடுத்துப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். நான் கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் போடுவேன். இறங்கிய தினம் அக்கா கேசரி கிளறுவாள். டாக்டர் மட்டும், "வெயிட்டும் சேந்து கம்மியாவுதே, சரியா சாப்பிடறாரா? டயட்டீஷியனைப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். தம்பி வெளிநாட்டிலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

நைனாவுக்குச் சட்டை தொளதொளத்தது. வேட்டியில் பெல்ட் நிற்கவில்லை என்று கயிறு கட்டினார். உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டியிருந்தது, பிறகு இரண்டு கை. வயதாகிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் வீடியோவில், சாப்பாட்டுத் தட்டைக் காட்டிய பிறகு, தன் மேல்கையை இரண்டு விரலால் கிள்ளிக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"பார்றா. இன்னும் ரெண்டு பாஸ் வுட்டா கிழிஞ்சிடும்."

நான் சிரித்தேன். மனமாரச் சிரித்தேன். முந்தின நாள்தான் கூடத்தில் ஒரு தோலை, கனம் போதவில்லை என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். கனம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். முப்பத்தாறு வருடம் ஒரு விரல்கிள்ளலில் தப்பாமல் எண் சொன்னவர் தன் உடம்பைக் கிள்ளிச் சொல்கிறார். எனக்கு ரிப்போர்ட்டில் இருந்த எண்தான் பெரிதாக இருந்தது.

ஒரு மார்கழிக் காலையில் குளியலறையில் எழ முடியாமல் விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. படுத்தவர் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி ஏழாவது வாரம் போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது முகம் மட்டும்தான் நைனாவாக இருந்தது. பாடையில் முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். பின்னாலிருந்தவர்கள் இன்னும் தூக்கவில்லை என்று நினைத்து, "தூக்குங்கப்பா" என்றேன். "தூக்கியாச்சு" என்றார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நான் ஒன்று சொன்னேன். இப்போது எழுதவே கை கூசுகிறது. "கிட்னியால போகல. கிட்னி கடைசி வரைக்கும் நல்லா வெச்சிருந்தோம்" என்றேன்.

5

ஆலோசகரிடமிருந்து வீட்டுக்கு வந்தபோது மகன் கதிர் வந்திருந்தான். அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துணி துவைக்க வருவதுபோல் வருவான். தமிழ் புரியும், பேச வராது, பேசினாலும் எல்லாரையும் 'நீ' என்பான். உடற்பயிற்சி செய்து தோளை அகலமாக்கி வைத்திருக்கிறான். சமையலறையில் அவனுடைய புரதப் பொடி டப்பா ஒரு வாளி அளவுக்கு இருந்தது. ஒரு கரண்டி எடுத்துப் பாலில் கலக்கினான். நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணுமா, நீ?" என்றான்.

அன்று சாயங்காலம் குழுவில் அக்காவின் செய்தி. அக்காவுக்கும் சிறுநீரக நோய் இருப்பது இரண்டு வருடமாகத் தெரியும். அவளுக்கு யாரும் புதிதாக எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுப்பு பக்கத்தில் நைனாவின் தாள் இருக்கிறதே, அதையே பிடித்துக்கொண்டாள். செய்தியில் எழுதியிருந்தாள்: 'ஒன்று புள்ளி ஒன்பது இருந்தது, ஒன்று புள்ளி ஆறு. நைனா ஆசீர்வாதம்.' கீழே ஒரு படம். ரிப்போர்ட்டைப் பிடித்திருந்த அவள் கையில், வளையல் நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருந்தாள்.

கைதட்டும் பொம்மை விரல் நுனிக்கு வந்துவிட்டது. போடவில்லை.

குழுவில் பழைய படங்களுக்குப் போய், முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி நைனா படத்துக்குப் படம் மெலிந்துகொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே என் கைதட்டல். பிறகு நைனாவின் வருடத் திதிப் படையல் படங்கள் வந்தன. இரண்டு வருடப் படையல். எங்கள் பக்கம் இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைப்போம், கறி பிடித்தவருக்குக் கறி, சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. நைனாவின் இலையில் வெள்ளைச் சோறு, சுரைக்காய், ஜவ்வரிசிக் கஞ்சி. இரண்டு வருடமும் அதேதான். வீடியோவில் இருந்து கும்பிட்டவன் நான். கவனிக்கவே இல்லை. செத்த பிறகும் அந்தத் தாள் அவரை விடவில்லை.

என் மனைவி மல்லிகா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். ஆலோசகர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க. இன்னும் மூணு வாரத்துல திதி."

"சொன்னா, நைனாவைப் பத்தியும் சொல்லணுமே."

"ஆமாம், சொல்லணும்தான்" என்றாள்.

மறுநாள் அந்த ஆலோசகருக்கு போன் செய்தேன். என் அப்பா சாவுக்கு அந்தத் தாள்தான் காரணமா என்று நேராகவே கேட்டேன். பார்க்காத நோயாளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, நோயும் வயதும்கூடத் தசையைத் தின்னும் என்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வாளா என்று காத்திருந்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

6

சனிக்கிழமை காலையில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அடுப்பு பக்கத்துல இருக்குதே, அந்தத் தாள எடுத்துடு."

"ஏன்டா, புதுசா எழுதிட்டியா? இரு, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

"எழுதல. நான் எழுதனதே தப்பு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். சொன்னேன். எண் எப்படி இறங்கும் என்பதைச் சொன்னேன். வளையலில் நூல் சுற்றுகிற உடம்புக்கு அந்த எண்ணை நம்பக் கூடாது என்று சொன்னேன். தசையை நம்பாத வேறொரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேள், டயட்டீஷியனைப் பார், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நில் என்றேன். அவளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப நம்பரு கம்மியானா நல்லதில்லயா?"

"நல்லதாவும் இருக்கலாம். சதை கரைஞ்சாலும் கம்மியாவும்."

"அப்ப நைனாவுக்கு?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆலோசகர் சொன்னதை ஒப்பித்துவிடலாம் என்று தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

"டாக்டரு கம்மி பண்ணச் சொன்னாருக்கா. நான் நிறுத்த வெச்சிட்டேன்."

"ஆக்கிப் போட்டது நானு."

"எழுதனது நான்."

அவள் வேறு பக்கம் திரும்பிப் பேசினாள். என்னிடம் பேசுவதுபோல் இல்லை.

"ஒரு நாளு பக்கத்து வூட்ல ஆம்லெட்டு போட்ட வாசனை வந்துச்சி. ராணி, பாதி முட்டை குடும்மா, அவனுக்கு இன்னா தெரியவா போவுதுன்னாரு. நான்தான், தட்டைக் காட்டச் சொல்லுவான் நைனா, கூடாதுன்னு போட்டிருக்கான்னேன். சரி, அவனைக் கேட்டுச் சொல்லுன்னாரு. ரெண்டு நாளு கழிச்சிக்கூட கேட்டாரு, கேட்டியான்னு." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் உன்ன கேக்கவே இல்லடா. மறந்துட்டேன்."

கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவளிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள், நான் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. சாப்பிடுகிறாளா, அதையும் விட்டுவிட்டாளா என்று தெரியாது. எங்கள் கூடத்தில் தோலை இழுக்கிற இயந்திரத்தில், கிழிகிற நேரத்தில் ஒரு சத்தம் வரும். இருபத்தெட்டு வருடமாகக் கேட்கிற சத்தம். அந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன்.

பத்தாவது நாள் கரீம் பாய் கூப்பிட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"தம்பி, பேஜாராவாத. ராணி என் பேத்தியைக் கூட்டிகினு வேலூர் போய் வந்துட்டுது. அந்த டயட்டு அம்மாவ பாத்துட்டாங்க. எல்லாம் அளவு போட்டுக் குடுத்திருக்காங்க. தினம் ஒரு முட்டை, பருப்பு ஒரு கரண்டி. நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிக்கச் சொன்னாங்களாம்."

"சாப்புடுதா பாய்?"

"எங்க? தட்டுல வெச்சிகினு அழுவுது. நைனாவுக்குக் குடுக்காதத நான் எப்பிடி துன்றதுன்னுது." பிறகு கேட்டார். "திதிக்கு நான் கறி எடுத்துட்டுப் போவட்டுமா? இந்த வாட்டி உன்ன கேட்டுட்டே போறேன்."

"எடுத்துட்டுப் போங்க பாய்" என்றேன்.

7

திதி அன்று விடுப்பு எடுத்தேன். விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'தந்தையுடன் உணவு' என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு, 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன்.

காலை ஒன்பது மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். போனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள். நைனாவின் படமும் அதன் கீழே தலைவாழை இலையும் தெரிந்தன. வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் கரீம் பாய் உட்கார்ந்திருந்தார், காலடியில் காலிப் பை. அக்கா சோறு வைத்தாள். கறிக்குழம்பு ஊற்றினாள், தொடைத்துண்டுகளாகப் பார்த்து ஓரத்தில் வைத்தாள். கடைசியாக ஒரு அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுத்து, மஞ்சள் மேலே தெரிகிற மாதிரி வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள்.

பிறகு படத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நைனா, தம்பியைக் கேட்டுட்டேன். சாப்புடலாம்னு சொல்லிட்டான்."

படையல் வைத்ததும் எங்கள் வீடுகளில் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர் வந்து சாப்பிடக் கொஞ்ச நேரம் விட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. அக்கா பாயின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்தாள். மெதுவாகத்தான் எழுந்தாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போனை அவள் மறந்துவிட்டாள்.

அந்த அறையில் இப்போது நைனாவும் இலையும் நானும்தான். கற்பூரப் புகை இலையின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முட்டையின் இரண்டு பாதிகளும் பளிச்சென்று தெரிந்தன. நாலு வருடம் இதே நேரத்துக்கு, இதே நாற்காலியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்துதான் அவர் தட்டைப் பார்த்தேன். ஓகேவா சார் என்கிற குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"சாப்புடு நைனா" என்றேன். "நான் பாக்கல."

போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காபி ஆறிவிட்டது. பிறகு கவிழ்ந்த போனுக்குள்ளிருந்து கதவு திறக்கிற சத்தமும் அக்காவின் குரலும் வந்தன.

"தம்பி, இருக்கியா? இன்னாடா இருட்டா இருக்குது? திருப்பு."

திருப்பினேன். அவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நைனாவின் இலையிலிருந்து பாதி முட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். மணிக்கட்டில் நூல் சுற்றிய வளையல் தெரிந்தது.

"மத்த பாதி அவருக்கு" என்றாள். வாயில் போட்டு மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனாலும் நிறுத்தாமல் மென்றாள். "உப்பு கம்மிதான்டா, பயப்படாத" என்றாள்.